ஒத்திப்போட்ட நிக்காஹ்

"நிக்காஹை ரெண்டு மாசம் பிந்தி வைப்பம் மாமி," என்றான் அஸ்மீர், சஹ்லாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை.

சஹ்லாவின் உம்மா லைலாவுக்கு உடனே சந்தேகம் வந்தது. யுத்தம் முடிந்த கையோடு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அஸ்மீரும் விண்ணப்பம் போடுகிறான். வேலை கிடைத்தால் மாப்பிள்ளைக்கு விலை கூடும். சுனாமி கொண்டுபோன வீட்டை மறுபடி கட்டி மகளின் பெயருக்குச் சீதனமாக எழுதியாயிற்று. இனி எழுத என்ன இருக்கிறது?

"ஏன் மகன், வீடு காணாதா?"

"அல்லாஹ்வே, அப்பிடியில்ல மாமி."

"அப்ப சஹ்லாவப் பிடிக்கல்லயா?"

அவன் தவித்துப்போய் லைலாவின் கணவர் சாலிஹிடம் திரும்பினான். "சேர், நீங்களே சொல்லுங்க."

நேற்றுவரை மாமா என்றவன் இன்று வகுப்பில் கூப்பிடுவதுபோல் 'சேர்' என்கிறான். உறவை முறிக்கப் பார்க்கிறான் என்று லைலாவுக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. சாலிஹோ அவனுடைய சுயவிபரக் கோவையைத் திருத்திக்கொண்டே பேசினார்.

"படிப்பிச்ச ஆள் நற்சான்று தரணும் லைலா. உறவுக்காரர் தந்தா செல்லாது. இவர்ட ஆராய்ச்சியப் பார்த்தது ரெண்டே பேர். ஒராள் சுனாமியில மவுத்தாகிட்டார்." பேனாவை மூடினார். "மத்த ஆள் நான். நிக்காஹ் முடிஞ்சா நான் மாமா."

லைலா தேத்தண்ணிக் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப வேலை கிடைக்குமட்டும் என்னையும் மாமி எண்டு கூப்பிடாதங்க, தம்பி."