ஆற்றைப் பார்த்த அறை

அறைக்குப் போக ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை.

மாடி அறைதான் அவன் கேட்டிருந்தான். ஹோட்டல்கார அம்மாவோ சாவியை எடுத்துக்கொண்டு, சமையலறையைத் தாண்டிக் கீழ்த்தளத்திலேயே நடந்தாள். சுவர் நெடுக மரக் கைப்பிடி. எதிரே கோலூன்றி வந்த பெரியவர் ஒருவர், அப்பாவைவிட மூத்தவர், அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் போனார்.

அவன் அப்பாவிடம் சொல்லியிருந்த கதையே வேறு. பழங்காலத்துக் கட்டடம், கீழே ஒரு அறைகூடக் கிடையாது, படிக்கட்டு செங்குத்து, பிடித்து ஏற ஒன்றும் இல்லை. வாய் கூசாமல் அளந்தான். அளந்த வேகத்தில் இரண்டு படி உடைந்திருப்பதாகவும் சேர்த்துவிட்டான்.

அப்பா உடைந்த படியில் பார்த்துக் கால் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு வர வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான். கோட்டை, கல்பாலம், எந்த ராஜா எந்த ராஜாவை எந்தப் பக்கமாகத் துரத்தினான் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. மகன் ஹோட்டலில் அறை போட்டுவிட்டான் என்று கேட்டதும், தானும் போகிறோம் என்றே எடுத்துக்கொண்டு கம்பளித் தொப்பி வாங்கிவிட்டார். கிளம்புகிற அன்று அதை மடித்து மகன் பெட்டியில் வைத்தார்.

அவர் வந்தால் வழியெல்லாம் சரித்திரப் பாடம்தான். மனைவியோடு தனியாக ஒரு இடத்துக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. ஆசைப்பட்டது தப்பில்லை என்று அவன் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டான். அதை நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பதற்குத்தான் பதில் இல்லை.

மனைவி ஜன்னலைத் திறந்தாள். ஆறு, ஆற்றின்மேல் கல்பாலம், அதற்கும் மேலே கோட்டைச் சுவர். கட்டிலில் சாய்ந்தபடியே அத்தனையும் பார்க்கலாம்.

"மாமாவக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

படிக்கட்டுக் கதை நடந்தபோது பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள்தான். அவனுக்குக் கோபம் வந்தது. கோபப்பட யோக்கியதை இல்லை என்பதும் தெரிந்தது.

கைபேசி அடித்தது. அப்பா.

"படியெல்லாம் எப்படிப்பா இருக்கு?"

தரையோடு தரையாக நின்றுகொண்டிருந்தவன் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தான். "கேக்காதீங்கப்பா, முட்டி கழண்டுடுச்சு."

"நல்லவேளை, நான் வரல" என்று சிரித்தார் அப்பா. "ஜன்னல்லேருந்து ஆறு தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"அது போதும்."

போனை வைத்தான். ஒரு பொய்யை வீட்டில் சொன்னோம், தொலைந்தது என்று பார்த்தால் இங்கேயும் வந்து அதற்கு நடிக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஹோட்டல்கார அம்மா போர்வைகளோடு உள்ளே வந்தாள்.

"அப்பாவுக்கு முட்டி வலி இப்ப தேவலையா?"

அவன் விழித்தான். அந்த அம்மாவுக்கு ஒரு வழக்கம். பழைய கட்டடம் என்பதால், யார் வருவதாக இருந்தாலும் முன்கூட்டியே தானே கூப்பிட்டு, வயசானவர்கள் வருகிறார்களா என்று விசாரித்துவிடுவாள். கைபேசி எண் கொடுத்தால் விளம்பரமாக அனுப்பித் தொல்லை பண்ணுவார்கள் என்று வீட்டு எண்ணைக் கொடுத்த புத்திசாலி அவன்தான்.

"வெள்ளிக்கிழமை பேசினேன். கீழ ரூம் இருக்கு, கைப்பிடியும் இருக்குன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆத்தப் பாத்த ரூமா வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு. அப்புறம் பாவம், அவரே கூப்பிட்டு, முட்டி வலி, நான் வரல, அந்த ரூமைப் பசங்களுக்கே குடுத்துடுங்கம்மான்னு சொல்லிட்டாரு."

"எப்பக் கூப்பிட்டாரு?" மனைவிதான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல சேதி" என்று அப்பாதான் முதலில் ஆரம்பித்தார். அவன்தான் குறுக்கே புகுந்து படிக்கட்டைப் பற்றிச் சொன்னான்.