யார் வீட்டு விருந்து

எட்வின் கையுறையைக் கழற்றிவிட்டுத் தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். கையை உடனே எடுக்கவில்லை.

"சூடாத்தான் இருக்கு," என்றான்.

"பின்னே? விடிஞ்சதுலேர்ந்து இந்த மணல்திட்டுல வெயில்ல நிக்கிறேன். எண்ணெய்ப் படகுக்காரன் ஊர் வரைக்கும் வர மாட்டேன்னு இங்கேயே தள்ளிவிட்டுட்டான். நல்லவேளை, நீ வந்தே."

லெஸ்டர் பையைப் படகுக்குள் வீசிவிட்டு ஏறினான். எட்வின் அவனுக்குப் பெரியப்பா மகன். ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்தவர்கள்.

"நேரா ஊருக்குத்தானே?"

"மேல போய் ஒரு மூஸ் அடிக்கணும். நாளைக்கு விருந்து."

லெஸ்டர் தொப்பியைக் கழற்றினான். விருந்து என்றால் செத்தவருக்கு வைக்கும் விருந்து. மூஸ் மானின் கறி இல்லாமல் அதற்குத் தீ மூட்ட மாட்டார்கள். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. அது முடியும்வரை செத்தவர் பெயரை ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

ஆறு குறுகியது. இரு கரையிலும் வில்லோ புதர் ஆள் உயரத்துக்கு மேல் அடைத்துக்கொண்டு நின்றது. எட்வின் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

"ஃப்ளோராவும் பாப்பாவும் எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"அவ கோவமா?"

"பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம். ஒரு கடுதாசி உண்டா, ஒரு போன் உண்டா?"

"எழுத உக்காந்தா முதல் வரியே வரலண்ணே." லெஸ்டர் தண்ணீரைப் பார்த்தான். "எவனாவது அவளைச் சுத்துறானா?"

துடுப்பு இரண்டு முறை இறங்கி ஏறியது.

"ஒருத்தன் கட்டிக்கக் கேட்டிருக்கான். இந்த விருந்து முடியட்டும்னு சொல்லியிருக்கா."

லெஸ்டர் வாய்விட்டுச் சிரித்தான். துக்க நேரத்தில் எந்தப் பெண்தான் அந்தப் பேச்சை எடுப்பாள்? "அப்ப நாளைக்குள்ள நான் வாசல்ல போய் நிக்கணும். நின்னாப் போதும், கதவைத் திறந்துடுவா. யாரு அந்த மகராசன்?"

எட்வின் உதட்டில் விரல் வைத்துப் புதரைக் காட்டினான்.

படகைக் கரையில் ஒதுக்கினார்கள். லெஸ்டர் படகில் கிடந்த மூஸ் மானின் காய்ந்த தோள்பட்டை எலும்பை எடுத்து வில்லோ கிளைகளில் தேய்த்தான். ஆண் மூஸ் கொம்பை உரசுவது போலவே இருந்தது. தேய்த்தான், நிறுத்தினான், ஒரு குச்சியை முறித்தான். பிறகு நெடுநேரம் சும்மா இருந்தான். அந்த வேலையில் ஊரில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

புதருக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது.

"தண்ணிக்குள்ள இறங்க விட்டுடாதே," லெஸ்டர் கிசுகிசுத்தான். "அவ்வளவு பெருசை ரெண்டு பேரால இழுக்க முடியாது."

எட்வின் ஒரே குண்டில் முடித்தான். தன்னைக் கூப்பிட்டவன் எங்கே என்று தலையைத் திருப்பித் தேடிக்கொண்டே அது கரையில் சாய்ந்தது.

தோலை உரித்ததும் கூறு போட்டதும் லெஸ்டர்தான். தொடைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தான். எட்வின் படகில் நின்று வாங்கி அடுக்கினான்.

"நான் விட்டுட்டுப் போன படகு கிடைச்சுதா? கோவத்துல கட்டக்கூட இல்ல, அப்படியே எண்ணெய்ப் படகுல தாவி ஏறிட்டேன்."

"கிடைச்சுது. கீழ் வளைவுல, கவுந்து கிடந்துச்சு."

"எஞ்சின்?"

"போச்சு."

"அடப்பாவமே, புது எஞ்சின்."

"ஏய், அந்த விலாவை இப்படிக் குடு."

"காலையிலேர்ந்து ஏய், ஏய்ங்கிற. என் பேரு மறந்துபோச்சாண்ணே?"

எட்வின் விலாவை வாங்கி வைத்தான்.

"கொழுப்பைப் பாரு, மூணு விரக்கடை இருக்கு," என்றான் லெஸ்டர். "செத்தவங்க குடுத்து வெச்சவங்கதான்."

கடைசிச் சுமையும் ஏறியது. படகு விளிம்புவரை அமிழ்ந்து நின்றது. எட்வின் துடுப்பால் கரையை ஓர் உந்து உந்தினான். படகுக்கும் கரைக்கும் நடுவே இரண்டு ஆள் நீளத்துக்குத் தண்ணீர் வந்தது. கரையில் குந்தியிருந்த லெஸ்டர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

எட்வின் துப்பாக்கியில் ஒரு குண்டைப் போட்டான்.

"இன்னொண்ணு வேணுமா? ஊருக்கே இது போதுமேண்ணே."

புதரில் காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, பேரு கேக்க மாட்டேன். வீட்டையாவது சொல்லு. போற வழியில ஒரு வார்த்தை துக்கம் கேட்டுட்டுப் போயிடலாம். யார் வீட்டு விருந்து?"

"உன் வீட்டு விருந்து."

கத்தி லெஸ்டரின் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. எழுந்து நின்றான்.

"ஃப்ளோரா நல்லா இருக்கான்னியே?"

"நல்லாத்தான் இருக்கா. நாளைக்கு ராத்திரி என் வீட்டுக்கு வந்துடுவா."

லெஸ்டர் அண்ணன் முகத்தையே பார்த்தான். ஃப்ளோராவைக் கேட்டவன் யார் என்று அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் அடுத்த கேள்வி குழந்தையைப் பற்றித்தான் வந்தது.

"அப்ப... பாப்பாவுக்கா?"

எட்வின் இல்லை என்று தலையாட்டினான். "கவுந்த படகைப் பாத்தப்பவே ஊர் முடிவு பண்ணிடுச்சு." துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டான்.

"உனக்குத்தான்."