மணிக்கட்டு

“கையத் தூக்காத மச்சான்! மணிக்கட்டு கிற்றாரோட ஒட்டியே இருக்கணும்” என்று அதட்டினான் வலன்ரைன்.

யோகநாதன் மணிக்கட்டை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான். பிக் என்கிற அந்த நகமளவு பிளாஸ்ரிக் துண்டை விரல்களுக்கிடையில் இறுக்கி, கம்பிகளைக் கீழும் மேலுமாக மாறி மாறித் தட்டினான். மெதுவாக வாசித்தால் ஒழுங்காக வந்தது. வேகம் கூட்டியதும் எல்லாம் குழம்பிப் போயிற்று.

“இன்னும் சரிவரல்ல. இப்ப ஸஹாப்தீன் நானாட்ட கூட்டிப் போனா மானந்தான் போகும்” என்றான் வலன்ரைன்.

ஸஹாப்தீனின் இசைக்குழு வெள்ளி, சனிகளில் கடலோர ஹோட்டல்களில் வாசித்தது. முடிய நடுச்சாமம் ஆகும். வலன்ரைன்தான் அதில் கிற்றார். இரண்டாவது கிற்றாருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து யோகநாதனுக்கு நித்திரை போய்விட்டது. பகல் முழுக்கப் புறக்கோட்டைக் கடையில் கணக்கெழுதிக் காய்ந்துபோகிற மனிதனுக்கு இதைவிட்டால் வேறு என்ன ஆசை இருக்கப் போகிறது?

வலன்ரைன் கொட்டாஞ்சேனைக்கு பஸ் பிடிக்கப் போனதும் சரோஜினி தேத்தண்ணியோடு வந்தாள்.

“என்னவாம்?”

“இன்னும் சரிவரேல்லையாம்.”

அவள் மெல்லச் சிரித்தாள். புருசனைத் தேற்றத்தான் சிரிக்கிறாள், பாவம், என்று அவனுக்கு மனம் இளகியது. அவளுடைய தம்பி சிவமணியை, வேலை முடிந்து இரவில் வரும்போது சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அவன் இன்னும் வீடு திரும்பவில்லை. அதன் பிறகு இந்த வெள்ளவத்தை அறையில் அவள் சிரிப்பதே அபூர்வம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த யோகநாதன், ஒரு ஞாயிறு காலை யாருக்கும் சொல்லாமல் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மாளிகாவத்தைக்குப் போனான். ஸஹாப்தீன் உட்காரவைத்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, ஒங்களுக்கு இப்பிடி யாரு பழக்கின? மணிக்கட்ட ஒட்டிக்கிட்டு வேகமா வாசிக்க ஏலா. லேசாத் தூக்குங்க. பிக்க நசுக்காதீங்க.”

தூக்கினான். நாலைந்து தரம் தடுமாறிய பிறகு, இத்தனை காலம் முரண்டு பிடித்த மெட்டு தானாக ஓடியது. யோகநாதனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“வலன்ரைன்தான் பழக்கினவன்” என்றான்.

“வலன்ரைனா? அவர் ஒருநாளும் அப்பிடி வாசிக்கிறல்லயே!” ஸஹாப்தீன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “கையில ஊறினத மாத்த மாசக்கணக்கா ஆகும் தம்பி. எனக்கு இந்த வெள்ளிக்கே ஆள் வேணும். தெமட்டகொடைப் பொடியன் ஒருத்தன வரச் செல்லிட்டேன்.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோகநாதன் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். பழக்க வந்த ஒருநாள்கூட வலன்ரைன் கிற்றாரைக் கையில் வாங்கியதில்லை. இப்போதுதான் அது உறைத்தது. தன் இடத்துக்குப் போட்டி வந்துவிடும் என்று பயந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, சரோஜினி கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கழுத்தறுத்திருக்கிறான்!

“சரோ, அந்தத் துரோகி வேணுமெண்டே பிழையாப் பழக்கியிருக்கிறான்!” உள்ளே நுழைந்ததும் கத்தினான். “என்ரை இடம் போயிட்டுது. இப்பவே கொட்டாஞ்சேனைக்குப் போய் அவன்ரை சட்டையைப் பிடிச்சுக் கேக்கிறன்.”

கிற்றாரைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் திரும்பியவனின் கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவரை ஏசாதேங்கோ. பிழையாப் பழக்கச் சொன்னது நான்தான்.”