என் குரலில் பேசுபவள்

எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

ஊழியர்களாகிய நாங்கள் பணியில் மூழ்கியிருக்கையில் எங்கள் குரலிலேயே வீட்டாருடன் உரையாடும் அலுவலக மென்பொருளை, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தியமைக்குமாறு பணிக்கப்பட்டேன். அவகாசம் போதாமையால், என் கணவர் இளம்பரிதியிடம் சொல்லிவிட்டு, அவருடைய மதிய அழைப்புகளிலேயே அதைச் சோதித்தேன். தட்டச்சு செய்தபடியே நான் முனகும் "ம்" ஒலியை அதுவும் முனகியது; பிழையெனக் கருதி அதை நீக்கினேன்.

பணி முடிந்த மதியம் அழைப்பை நானே எடுத்தேன்.

"சொல்லுங்க."

"ஐயோ, நீயா? அவ இல்லியா?"

"நாந்தாங்க உங்க பொண்டாட்டி!"

"கோச்சுக்காதம்மா. எங்க மேனேஜர் கதைய நேத்து பாதியில விட்டுட்டேன். அவகிட்ட குடேன்."

இணைப்பைக் கொடுத்துவிட்டு, பொறாமை தாளாமல் ஒட்டுக்கேட்டேன்.

"சாப்ட்டியாம்மா?" என்று அதனிடம் கேட்டார்.

மென்பொருளைக் குறித்த நாளில் ஒப்படைத்துவிட்டேன். இழந்தவை: மதிய அழைப்பு, மேலாளர் கதையின் மீதி, அந்தக் கேள்வி.