அவசரச் சீட்டு

மகளைப் பெண் கேட்டு வந்தவருக்குக் காப்பி போடும் தன் வீட்டுக்காரரிடம், பஸ்ஸில் இருந்த பூங்கோதை போனில், “வெள்ளை டப்பாவுல இருக்கிறது சர்க்கரை இல்லீங்க” என்றாள்.

மற்ற சொற்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தன. கடைசியாக வந்த ‘இல்லீங்க’ மட்டும் நெட்வொர்க் வாசலில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு முழு சினிமாவும் கூடை கூடையாகக் காலை வணக்கப் படங்களும் நின்றன.

“அண்ணே, பேச்சை முதல்ல விடணுமே. பிந்திப் போனா நான் எதுக்கும் உதவ மாட்டேன்” என்றது ‘இல்லீங்க’.

“அதுக்குத்தானே தம்பி உனக்கு அவசரச் சீட்டு கொடுத்திருக்கேன்” என்றது வாசல் காக்கும் பெட்டி.

“இவங்க கையிலயும் இருக்குதே.”

“கேட்டாங்க, கொடுத்தேன். மனசு நோகக் கூடாதில்ல.”

“உங்களுக்கு என்னண்ணே அவசரம்?”

“பாட்டு வர்ற இடம்ப்பா” என்றது சினிமா.

‘இல்லீங்க’ வரிசையிலேயே நின்றது.

அங்கே வீட்டில், வெள்ளை டப்பாவிலிருந்து அள்ளிப் போட்ட காப்பியை, பெண் கேட்டு வந்தவர் ஒரு மடக்குக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். ஸ்பீக்கரில் கிடந்த போனைப் பார்த்து, “ஏம்மா, எங்களுக்குப் பொண்ணு கொடுக்க உங்களுக்கு இஷ்டந்தானே?” என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. ‘இல்லீங்க’ மூச்சிரைக்க ஓடிவந்து, பூங்கோதையின் குரலில், மரியாதையாகவே சொன்னது.