ஜீப்பில் இருந்தவர்

திரையில் அவளுடைய அண்ணன் பேசிக்கொண்டிருந்தான்.

ஆறு பெருகியிருந்தது. ஜீப் நட்டாற்றில் நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர்.

"நான் ஜன்னலால் வெளியே வந்துவிட்டேன்," என்றான் ஆங்கிலத்தில். "ஓட்டிவந்த என் நண்பனால் முடியவில்லை."

பட்டறைக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அசையவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவள் பின்னால் நின்றாள். கோப்பை சரிந்து தேநீர் விரலைச் சுட்டது.

ஓட்டிவந்தவன் அண்ணனின் நண்பன் இல்லை. அவளுடைய கணவன். தயாபரன்.

இலங்கையில், வன்னியில், அந்த மாரி மழையில், ஜீப்பில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள்.

அண்ணன் அப்போது இங்கே, இங்கிலாந்தில், ஒரு கராஜில் டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"நீ முதலில் போ என்றான்," திரையில் அண்ணனின் குரல் உடைந்தது. "அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது."

தயாபரன் அவளிடம் சொன்ன அந்தச் சொல்லையும் தனதாக்கிக்கொண்டிருந்தான்.

இங்கிலாந்தில் அண்ணனிடம் வந்து சேர்ந்த குளிர்காலத்தில் ஒரேயொரு முறை சொல்லியிருந்தாள். அவனுக்கு மட்டும். எஞ்சின், ஜீப்பின் கூரை உயரத்திலிருந்து காற்றை இழுத்திருந்தால் தண்ணீர் புகுந்து நின்றிருக்காது என்றும் சொன்னாள்.

பிறகு கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வெட்டினாள். அண்ணனின் பழைய ஜீப்பின் பக்கவாட்டில், எஞ்சினிலிருந்து கூரைவரை ஏற்றிக் கட்டினாள். அவன் அதை ஓடைக்குள் இறக்கி ஓட்டினான்.

ஜீப் நிற்கவில்லை.

இருவரும் நனைந்துபோய்ச் சிரித்தார்கள். அந்த வருடம் அவள் சிரித்தது அன்றுதான்.

அவர்களுடைய தொழில் அந்தக் குழாயில் தொடங்கியது. கூரைத் தட்டு, ஏணி, சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் கொக்கி என்று வளர்ந்தது. அவள் செய்தாள். அவன் விற்றான். ஷ்ரொப்ஷயர் பண்ணைக்காரர்கள் வாங்கினார்கள். பாலைவனம் கடக்கப் போகிறவர்கள் வாங்கினார்கள். இப்போது ஒரு பெரிய கம்பனி இவர்களுடைய கம்பனியையே வாங்குகிறது.

அதற்காகத்தான் இந்தப் படம்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னான்.

"வாங்கிற ஆக்கள் கம்பனிக்கு ஒரு கதை வேணுமெண்டு கேட்டவை. உன்ர பேரை நான் எங்கயும் இழுக்கேல்லத்தானே."

ஏதோ உதவி செய்துவிட்ட முகம்.

"அப்ப நான் எங்க இருந்தனான், அண்ணா?"

அவனைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு அவளிடம் வந்தார். அவள் செய்த குழாயை முதலில் வாங்கிய பண்ணைக்காரர். அவளுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

உன் அண்ணன் இவ்வளவு பட்டிருக்கிறார், இத்தனை வருடத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். கெமராவின் வெளிச்சத்தில், கம்பனியை வாங்கும் முதலாளிகளுக்கு நடுவில் நின்றான்.

"எனக்கும் இன்றுதான் தெரியும்," என்றாள்.