கூட்டம் அலைமோதும் காட்சி

“அழுகை வேண்டாம், தெஷோமே. அழுகையெல்லாம் போன மாசமே எடுத்தாச்சு. இன்னைக்கு ஜெயிச்ச மனுஷனா நில்லுங்க, போதும்” என்றாள் கார்லா.

ஜெயித்த மனிதன் எப்படி நிற்பான் என்று தெஷோமேவுக்குத் தெரியவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தான். அது தோற்றவன் நிற்கிற மாதிரி இருக்கிறது, வெளியே விடுங்கள் என்றாள்.

வேறு தேசங்களிலிருந்து வந்து அமெரிக்காவில் கடை போட்டவர்களின் கதையை, ஆளுக்கொரு படமாக எடுக்கிறவள் கார்லா. இந்தத் தடவை அரோரா நகரத்தில் எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தெஷோமேயின் முறை. அவன் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாகக் கிடந்து சூடான் எல்லையைத் தாண்டியது, டென்வர் விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டியது எல்லாம் எடுத்தாகிவிட்டது. கடையில் கூட்டம் அலைமோதுகிற காட்சி மட்டும் பாக்கி.

சிக்கலே அதில்தான். கடையில் ஈ, காக்கை இல்லை. ஈ வராததற்காவது பனிக்காலம் என்று சமாதானம் சொல்லலாம்.

கடையை மூடிவிட்டு டாக்ஸிக்கே திரும்பச் சொல்லி மனைவி அஸ்னாகெச் எவ்வளவோ மன்றாடிவிட்டாள். படம் வெளியே வரட்டும், டெலிவிஷனில் ஒரு தடவை பார்த்தால் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவன்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு சாப்பிட வருவான் என்பது தெஷோமேயின் நம்பிக்கை. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று நேற்று அந்த டாக்ஸியையும் விற்றுவிட்டான். அதிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. பாத்திரங்களைப் பேசவிட்டாள்.

கூட்டத்தைப் பற்றிக் கார்லா கவலைப்படவே இல்லை. கையோடு கொண்டுவந்திருந்தாள். வாசலில் நின்ற வேனிலிருந்து ஓர் ஆப்கானியப் பெரியவர், ஒரு வியட்நாமிய அம்மாள், எல் சால்வடோர் தம்பதி, இன்னும் சிலர் இறங்கி வந்தார்கள்.

அப்படி ஒரு கூட்டம் ஊர் உலகத்தில் கிடையாது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நிழல் விழாது என்று பார்த்து உட்கார்ந்தார்கள். மறந்தும் கேமரா பக்கம் திரும்பவில்லை. கார்லா வாயைத் திறப்பதற்குள் சிரித்தார்கள், மூடுவதற்குள் நிறுத்தினார்கள். வியட்நாமிய அம்மாள் மட்டும் இடையில் எழுந்து சமையலறைக்குள் போய், அடுப்பைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு வந்தாள்.

அஸ்னாகெச்சுக்கு அதற்கு மேல் மௌனம் தாங்கவில்லை.

“யாரு அவ? சுகாதார ஆபீஸ்காரியா?”

“சும்மா இரு. புதுசா ஓட்டல் போடப்போறா. நம்ம மசாலாவை மோப்பம் பிடிக்கிறா.”

“பிடிக்கட்டும். நம்ம மசாலாவைத் தேடி வர்ற ஆளு அவ ஒருத்திதான்.”

அடுத்தது குர்ஷா. இன்ஜெரா ரொட்டியில் பருப்புக் குழம்பைச் சுருட்டி, பிரியப்பட்டவர் வாயில் தன் கையாலேயே ஊட்டுவது. முன்பின் தெரியாதவருக்கு ஊட்டத் தெஷோமேவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆப்கானியப் பெரியவர் நசீபுல்லா கூசாமல் வாயைத் திறந்தார். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை, கை மறைக்கிறது என்று இன்னொரு தடவை, பின்னால் பஸ் போய்விட்டது என்று இன்னொரு தடவை. ஒரு கல்யாண வீட்டுப் பருப்பு அவருக்குள் போயிருக்கும். ஒவ்வொரு கவளத்துக்கும், ஜென்மத்தில் முதல் கவளம் மாதிரி அவர் கண் கலங்கியது.

“இதுதான் படத்தோட முடிவு” என்று கார்லா பூரித்துப்போய்ச் சாமான்களை வேனில் ஏற்றப் போனாள். கூட்டமும் பின்னாலேயே போனது.

நசீபுல்லாவும் எழுந்தார். தெஷோமே விடவில்லை. படத்துக்காகவே ஆனாலும் ஊட்டியது ஊட்டியதுதான்; இனி அவர் வீட்டு மனிதர். காபி குடிக்காமல் போகக் கூடாது. அதுவும் மூன்று சுற்று. மூன்றாவதுதான் ஆசீர்வாதம், அதற்கு முன் எழுந்தால் அதை வேண்டாம் என்றதாகும்.

அஸ்னாகெச் சாம்பிராணி போட்டு, காபிக் கொட்டையை வறுத்து, இடித்து, காய்ச்சி ஊற்றினாள்.

முதல் கோப்பையில் தெஷோமே, அடுத்த வருஷம் இங்கே வாசல் வரைக்கும் வரிசை நிற்கும், பெரியவரை மட்டும் நேராக உள்ளே விடச் சொல்கிறேன் என்றான். அவர் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சுற்றில் டாக்ஸி விற்ற கதை வந்தது. பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வித்தே விட்டியா, தம்பி? திரும்ப வாங்க முடியாதா?”

“எதுக்குங்க வாங்கணும்? படம்தான் வருதே.”

மூன்றாவது கோப்பையை நீட்டும்போது அஸ்னாகெச்தான் கேட்டாள்.

“நல்லா நடிச்சீங்க, ஐயா. இதுதான் உங்க தொழிலா?”

“கபாப் கடைதாம்மா தொழிலு. இவருக்கு முந்தின படம் என்னோடது. எனக்கு முந்தினது அந்த வியட்நாம் அம்மாவோடது. வேன்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரு படம் இருக்கு. எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, படம் வர்ற வரைக்கும் கடைங்கதான் தாங்கலை.”

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வாசலில் ஹாரன் அடிக்கவும் எழுந்து, தெஷோமேயின் தோளில் கை வைத்தார்.

“மே மாசம் ஒரு போஸ்னியாக்காரனோட ரொட்டிக் கடையில ஷூட்டிங், தம்பி. அன்னைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துடாதே, கேமராவுல கண்ணு கூசும்.”